அமத்துக்கும் அமுத்துக்கும் நடுவே ஒரு ஃபயர்மேன்

கலியமூர்த்தியின் பொறாமை பித்தளையில் தொடங்கியது.

எழுபதுகளின் நடுவில், நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்கள் குடியிருந்தன. ஒரு பக்கம் கலியமூர்த்தி. மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற பழுப்பு நிலக்கரியை வாரிப் போடும் வேலை. மறுபக்கம் மாடசாமி, திருநெல்வேலிக்காரன், ஃபயர்மேன். மாடசாமியின் இடுப்பில் பித்தளை பக்கிள், சட்டையில் பித்தளைப் பொத்தான், வண்டியேறினால் தலையில் பித்தளை ஹெல்மெட். காலையில் அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தால், சூரியன் கிழக்கே உதித்ததா அவன் தொப்புளுக்கு மேலே உதித்ததா என்று சொல்வது கஷ்டம். அதே நேரத்துக்குத்தான் கலியமூர்த்தி ஷிஃப்ட் முடிந்து வருவான். தலைமுதல் கால்வரை ஒரே பழுப்பு. மனைவி சாமியம்மாள் அவனை முன்வாசல் வழியாக உள்ளே விடமாட்டாள். புருஷன்தான், ஆனாலும் பின்பக்கக் குழாயடியில் கழுவிய பிறகுதான் புருஷன்.

"அந்த அண்ணனப் பாருங்க," என்பாள், சொம்பை நீட்டியபடி. "வேலைக்குப் போறப்பவும் மாப்ள மாதிரி போறாரு, வர்றப்பவும் மாப்ள மாதிரி வர்றாரு."

"அவன் இன்னா வேல செய்யறான்? வண்டியத் தொடச்சிகினு, வாலிபால் ஆடிகினு கெடக்கறான். நெருப்பு புடிச்சாத்தான் அவனுக்கு வேல. நெருப்பு என்னா டெய்லியா புடிக்குது?"

"அதத்தாங்க நானும் சொல்றேன். வேலையே இல்லாம சம்பளம் வாங்கறதுக்கு ஒரு சாமர்த்தியம் வேணும் இல்ல?"

கலியமூர்த்தி சோப்பை அழுத்தித் தேய்ப்பான். நிலக்கரி போகும். மற்றது போகாது.

கம்மாபுரம் பக்கத்தில் அவன் அப்பா உழுதுகொண்டிருந்த நிலம் இன்று மைன்ஸில் பெரிய பள்ளம். அதற்குப் பதிலாகத்தான் இவனுக்கு இந்த வேலை. தன் நிலத்துக்கு அடியிலிருந்து வந்த கரியைத் தானே மண்வெட்டியால் வாரிக்கொண்டிருக்க, எங்கேயோ தாமிரபரணியில் குளித்துவிட்டு ரயிலேறி வந்தவன் சிவப்பு வண்டியில் தொங்கிக்கொண்டு மணியடித்துப் போகிறான். இதில் எந்தப் பாதி அநியாயம், எந்தப் பாதி வயிற்றெரிச்சல் என்று கலியமூர்த்தியாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே சோற்றில் பிசைந்தது.

ஒரு நாள் பெல்ட்டின் கீழிருந்த உருளை ஒன்று சுற்றாமல் சிக்கிக்கொண்டது. பெல்ட் உரசி உரசிச் சூடாகிப் புகைந்தது. முதலில் பார்த்தவன் கலியமூர்த்தி. முதலில் கத்தியவனும் அவனே. வாளி வாளியாக மணலைக் கொட்டி நெருப்பைப் பாதி அடக்கிவிட்டான். அதற்குள் சிவப்பு வண்டி வந்தது. மாடசாமி குதித்தான், குழாயைப் பிடித்தான், ஒரு பீய்ச்சு பீய்ச்சினான், முடிந்தது. ஃபோர்மேன் மாடசாமிக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கலியமூர்த்தியைப் பார்த்து, "இவ்வளவு மணலையும் யாருய்யா கூட்டறது?" என்று கேட்டார்.

அந்த மணலைக் கூட்டும்போதுதான் கலியமூர்த்தி ஃபயர்மேன் ஆவது என்று முடிவு செய்தான். தீயை அணைத்து நாட்டைக் காக்கும் ஆசை அவனுக்குக் கிடையாது. அந்த டீ வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பும் வந்தது. ஃபயர் சர்வீஸுக்கு ஆள் தேவை. உள்ளே வேலை பார்ப்பவர்களும் மனுப் போடலாம். எட்டாவது பாஸ் செய்திருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட உயரம் வேண்டும், மூச்சை இழுத்தால் மார்பு ஐந்து சென்டிமீட்டராவது விரிய வேண்டும். கால் உதவியில்லாமல் கயிறு ஏற வேண்டும். கடைசியாக, ஒரு ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு நூறு கஜம் ஓட வேண்டும்.

கயிறு ஏற வேப்பமரம் இருந்தது. தோளில் போட்டு ஓட ஆள்? கலியமூர்த்தி சாமியம்மாளைத் தூக்கினான்.

"ஐயய்யோ, வுடுங்க! பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?"

"நெருப்புல மாட்டினவ பேசக்கூடாது. மயங்கிகினு கெட!"

குவார்ட்டர்ஸ் பின்பக்கச் சந்தில் அவன் ஓடினான். தோளில் சாமியம்மாள் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாடசாமியின் மனைவி இசக்கியம்மாள் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு இதைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கொஞ்சம் தடித்துக் கேட்டது: "அவுக பொண்டாட்டியத் தோள்ல போட்டுகிட்டுல்லா ஓடுதாக! நீங்களுந்தான் ஃபயர்மேனா இருக்கீக, என்னைய ஒரு நாளு ஒரு முழம் தூக்கியிருப்பீகளா?" கலியமூர்த்தி அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டான்.

தேர்வு நாளில் மார்பளவில்தான் இடித்தது. டேப் பிடித்தவர் "இன்னும் இழு, இன்னும் இழு" என்று கெஞ்சினார். விரிய மறுத்த மார்பு, மாடசாமி ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்தில் நடந்து வந்ததைக் கண்டதும் தானாகப் பொங்கியது. "ஆங்... போதும்யா, போதும்," என்றார் டேப்காரர்.

மாடசாமி சும்மா வரவில்லை. தோளில் தூக்கி ஓடுவதற்கு ஆளாக வந்திருந்தான்.

"மெதுவாத் தூக்கு வே," என்றான் தோளில் கிடந்தபடியே. "தோள்பட்ட குத்துது. வலது கையால என் காலச் சுத்திப் பிடி. அப்படி இல்ல, அப்படி இல்ல..."

"மயங்கினவன் பேசக்கூடாது!"

"மயங்கினவனுக்குக் குத்தாதா? முட்டிய மடக்கி ஓடு வே. இப்படி ஓடுனா ஆளக் கீழ போட்ருவ."

கீழே போடத்தான் கலியமூர்த்திக்கு ஆசை. போட்டால் தேர்வு போகும். ஆகவே அவனை எவ்வளவு சீக்கிரம் இறக்கித் தொலைக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இறக்க ஓடினான். அன்று ஓடியவர்களிலேயே அவன்தான் முதல். ஃபயர் ஸ்டேஷன் ஆபீசர் சங்கரலிங்கம், "இந்த ஆளுக்கு ஒரு வெறி இருக்குய்யா," என்று மெச்சினார். எதன் மேல் வெறி என்று அவர் விசாரிக்கவில்லை.

காக்கி கிடைத்தது. கூடவே இரண்டு செய்திகள் கிடைத்தன. ஒன்று, கார்த்திகை தீபம் முடியும்வரை அவன் பயிற்சி ஆள்தான். அதன் பிறகு சங்கரலிங்கம் பார்த்து பெர்மனென்ட் செய்வார், அல்லது மறுபடி பெல்ட்டடிக்கு அனுப்புவார். இரண்டு, அவன் சேர்ந்த குழுவுக்கு லீடர் மாடசாமி.

"நெருப்பு என்னா டெய்லியா புடிக்குது?" என்று கேட்டவனுக்கு, டெய்லிதான் பிடிக்கிறது என்று தெரிய வந்தது. பழுப்பு நிலக்கரி ரோஷக்காரச் சரக்கு. வெட்டிக் குவித்துக் காற்றும் வெயிலும் படவிட்டால், யாரும் தீக்குச்சி உரசாமலே உள்ளுக்குள் கனன்று கனன்று ஒரு நாள் புகையும். மேலே தண்ணீர் விட்டால் மேல்தோல் மட்டும் குளிரும், உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். கலியமூர்த்திக்கு அந்தக் குணம் ஏனோ புதிதாகத் தெரியவில்லை. குவியலைக் கொக்கியால் கிளறி, கிளறிய இடத்தில் தண்ணீர் விட்டு, ஆவி முகத்தில் அடிக்க, பூட்ஸ் அடியில் சூடு ஏற, மறுபடி கிளற வேண்டும். கோடையில் மந்தாரக்குப்பத்துக் கூரை வீடுகள். அறுப்பு முடிந்தால் வைக்கோல் போர். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிணற்றில் விழுந்த எருமையைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். மேலே வந்ததும் அது நன்றி மறவாமல் கலியமூர்த்தியின் தொடையில் ஒன்று விட்டது. எல்லாம் முடிந்து திரும்பினால் நனைந்து கனத்த ஹோஸ் குழாய்களைக் கழுவி, உயரத்தில் தொங்கவிட்டு, உலர்ந்ததும் சுருட்ட வேண்டும். நெருப்பை அணைக்கிற நேரத்தைவிட அதை அணைத்த குழாயைக் குளிப்பாட்டுகிற நேரம் அதிகம். பித்தளை துலக்க ஸ்டேஷனில் தனி ஆள் கிடையாது என்பதும் அங்கே போய்த்தான் தெரிந்தது.

அதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது வேறு. வண்டி எங்கே போய் நின்றாலும் குழாய் முனையைப் பிடித்து நெருப்பின் எதிரே நிற்பவன் மாடசாமி. வண்டியின் பின்னால், பம்ப் லீவரைப் பிடித்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவன் கலியமூர்த்தி. தண்ணீரை அனுப்புகிறவன் இவன். ஆனால் ஜனங்களுக்குத் தண்ணீர் மாடசாமியின் கையிலிருந்துதான் வந்தது.

"இப்ப நீங்களும் மாப்ள மாதிரிதாங்க இருக்கீங்க," என்றாள் சாமியம்மாள் ஒரு நாள், பெரிய மனது பண்ணி. "ஆனா முன்னாடி நிக்கறவரு நிக்கறவருதான்."

கார்த்திகை வந்தது.

டவுன்ஷிப்பில் ஒரு கோயில் வாசலில் சொக்கப்பனை. பனந்தண்டை நட்டு, சுற்றிலும் காய்ந்த ஓலையை உச்சிவரை கட்டி, பொழுது சாய்ந்ததும் கொளுத்துவார்கள். அது எரிந்து சாய்கிற திசையைப் பார்த்து மழை சொல்வார்கள். சாம்பலை நெற்றியில் இடுவார்கள்; நிலம் இன்னும் மிச்சமிருப்பவர்கள் வயலில் தூவுவார்கள். தீயணைப்பு வண்டிக்கு வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் நெருப்பைக் கும்பிடுகிற டியூட்டி. பக்கத்துப் பந்தலை நனைத்து வைக்கலாம். சொக்கப்பனை மேல் ஒரு சொட்டு படக்கூடாது.

புறப்படுமுன் சங்கரலிங்கம் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்: "இன்னைக்கு அணைங்கற வார்த்தை ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது. போன வருஷமே குருக்கள் கோச்சுக்கிட்டார்."

நியாயம்தான். தீபத்தன்று வீட்டு விளக்கைக்கூட யாரும் அணை என்று சொல்வதில்லை. ஒரு ஊர்க்காரர் குளிர வை என்பார், இன்னொருவர் மலையேற்று என்பார். திருநெல்வேலிப் பக்கத்தில் அமத்து என்பார்கள். டவுன்ஷிப்பில் எல்லா ஊர்க்காரரும் இருந்தார்கள். எல்லா வார்த்தையும் இருந்தது.

தீ உச்சிக்கு ஏறியது. சனம் அரோகரா போட்டது. முதல் வரிசையில் சாமியம்மாளும் இசக்கியம்மாளும். திடீரென்று காற்று திரும்பி, பொறிகள் பந்தல் பக்கம் பறந்தன. மாடசாமி குழாயைத் தூக்கிப் பந்தலை நனைத்தான். தகதகவென்ற வெளிச்சத்தில் ஹெல்மெட்டோடு நின்ற அவனைச் சனம் பார்த்தது. சாமியம்மாள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். சாமியம்மாள் பார்ப்பதை வண்டிக்குப் பின்னாலிருந்து கலியமூர்த்தி பார்த்தான்.

காற்று தண்ணீரையும் திருப்பியது. தூறல் சொக்கப்பனை பக்கம் சாய, குருக்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மாடசாமி தலையைத் திருப்பிப் பம்பைப் பார்த்துக் கத்தினான்:

"ஏ கலியமூர்த்தி! அமத்துலே! அமத்து!"

தெற்கே அமத்து என்றால் நிறுத்து. கடலூர்ப் பக்கம் அமுத்து என்றால் இன்னும் அழுத்து. நடுவில் ஒரே ஒரு உகரம். இன்ஜின் இரைச்சலில் அது யார் காதில் எப்படி விழும்?

கலியமூர்த்தி லீவரை அமுத்தினான்.

ஹோஸ் குழாய் விறைத்து எழுந்தது. மாடசாமி ஒரு முழம் உயர்ந்து, சேற்றில் உட்கார்ந்தான். அவன் மார்பில் சாய்ந்த குழாய் முனை வானத்தைப் பார்த்துப் பீய்ச்ச, தண்ணீர் வளைந்து போய்ச் சொக்கப்பனையின் உச்சந்தலையில் கொட்டியது. அடிவரைக்கும் குளிப்பாட்டியது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு. அரோகரா பாதியில் நின்றது. எரியாத ஓலையோடு பனந்தண்டு கறுப்பாக நின்றது.

"அபச்சாரம்!" என்றார் குருக்கள்.

"தீயணைப்பு வண்டின்னு பேர எழுதி வெச்சா அது வேற என்னாய்யா செய்யும்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மண்ணெண்ணெய் ஊற்றி மறுபடி கொளுத்தினார்கள். அது எந்தத் திசையிலும் சாயவில்லை. மழையைப் பற்றிக் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது.

மறுநாள் காலை சங்கரலிங்கத்தின் மேஜைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். பெர்மனென்ட்டா பெல்ட்டடியா என்பது இன்னும் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அவர் வாயைத் திறக்குமுன் மாடசாமி சொன்னான்: "சார், தப்பு எம்மேலதான். ட்ரில்ல சொல்லிக் குடுத்த மாதிரி வாட்டர் ஆஃப்னு சொல்லியிருக்கணும். அவசரத்துல எங்கூரு வார்த்த வந்துட்டு. அவருக்கு எப்படிப் புரியும்? பாவம், அவர ஒண்ணும் சொல்லாதீக."

கலியமூர்த்தி பிழைத்தான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

ஆனால் அவனுக்கு அந்த வார்த்தை தெரியும். தினமும் இருட்டியதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இசக்கியம்மாள், "லைட்ட அமத்துங்க, அமத்துங்க" என்று சொல்வதை மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நேற்றும் அவன் காது அமத்து என்றுதான் கேட்டது. கைதான் அமுத்து என்று கேட்டது. சாமியம்மாளின் திறந்த வாய்க்கும் அவன் கைக்கும் நடுவில் காது என்ன செய்யும்?

அதுகூடப் பரவாயில்லை. மாடசாமி நிமிர்ந்து நின்ற அழகு இருக்கிறதே, அதுதான் தாங்கவில்லை. செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு, ஹெல்மெட் இல்லாமலே அவன் தலை மின்னியது. சங்கரலிங்கத்தின் முகமே இளகிக்கொண்டிருந்தது.

"சார்," என்றான் கலியமூர்த்தி. "எனக்கு அந்த வார்த்த தெரியும் சார். தெரிஞ்சிகினேதான் அமுத்தினேன்."

"ஏ, சும்ம கெட வே," என்றான் மாடசாமி. "நாந்தான் சொல்லிட்டேம்லா?"

"நீ என்னா சொல்றது? தப்பு என்னுது. என்னுத நீ எப்படி எடுத்துக்கலாம்?"

"நான் லீடர். குழுவுல என்ன நடந்தாலும் எனக்குத்தான்."

"எங்க நெலத்த எடுத்துகினீங்க, சரின்னு வுட்டோம். தப்பையுமா எடுத்துக்குவீங்க?"

"போதும் நிறுத்துங்கய்யா!" சங்கரலிங்கம் மேஜையைத் தட்டினார். முப்பது வருஷ சர்வீஸில் தப்புக்கு ஆள் கிடைக்காமல் அலைந்திருக்கிறார். ஒரு தப்புக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. "பொங்கல் வரைக்கும் ரெண்டு பேரும் ஹோஸ் கழுவுங்க. உன் லீடர் வேலையும் அதுவரைக்கும் கிடையாது. உன் பெர்மனென்ட்டும் அதுவரைக்கும் கிடையாது. போங்க."

கலியமூர்த்தி வீட்டுக்குச் சைக்கிளில் பறந்தான். தண்டனையாகவே இருக்கட்டும், மாடசாமிக்கு எவ்வளவோ அவனுக்கும் அவ்வளவு. நடந்ததைச் சாமியம்மாளிடம் ஒன்று விடாமல் சொன்னான், தான் ஒப்புக்கொண்டதை இரண்டு முறை சொன்னான்.

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "நீங்க செஞ்ச தப்ப நீங்க ஒத்துக்கினீங்க. அவரு செய்யாத தப்ப இல்ல ஒத்துக்கினாரு? ரெண்டும் ஒண்ணாங்க?"

சாப்பிட்டுக் கை கழுவும்போது கலியமூர்த்திக்கு ஒரு வழி தோன்றியது.

மறுநாளிலிருந்து ஸ்டேஷனில் எந்தத் தப்பு நடந்தாலும் அவன் கை முதலில் உயர்ந்தது. ஏணியின் வார் கட்டாமல் கிடந்தது: "நாந்தான் சார்." மணிக்கயிறு அறுந்தது: "நாந்தான் சார்." அவன் லீவில் இருந்த அன்று உடைந்த கண்ணாடிக் குவளைக்கும் அவனே பொறுப்பேற்றான். சங்கரலிங்கம் அவனை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். இந்த ஆளைப் பெல்ட்டடிக்கே அனுப்பிவிடலாம், அங்கே உடைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தாலும் வியப்பில்லை.

பொங்கல் நெருங்கிய ஒரு காலை, வண்டியின் தண்ணீர்த் தொட்டி காலியாக நின்றது. அடியிலிருந்த திருகை யாரோ திறந்து, மூட மறந்து, இரவெல்லாம் தண்ணீர் ஒழுகியிருந்தது. தண்ணீரில்லாத தீயணைப்பு வண்டி. இதற்கு மேல் ஒரு குற்றம் ஸ்டேஷனில் கிடையாது. சங்கரலிங்கம் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து இரைந்தார்.

"எவன்டா தொறந்தது? அவன் இன்னைக்கே வீட்டுக்குப் போறான்!"

எல்லாரும் தங்கள் பூட்ஸ் நுனியைப் பார்த்தார்கள். கலியமூர்த்தியும்தான். வீட்டுக்கு என்றால் பெல்ட்டடிகூட இல்லை. ஆனால் பக்கத்தில் மாடசாமியின் உதடு அசைவதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். அவ்வளவுதான்.

"நாந்தான் சார்!"

"நீதானா? உன்னை..." என்று ஆரம்பித்த சங்கரலிங்கம் பாதியில் நின்றார். வண்டியைப் பார்த்தார். திருகைப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் விருந்துக்கு வந்த மைத்துனருக்கு வண்டியின் பெருமையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சரி. தண்ணி ரொப்புங்க. மனுஷன்னா மறதி இருக்கும்," என்று முனகிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வாரமே கலியமூர்த்தி பெர்மனென்ட்.

ஆர்டர் வந்த அன்று மதியம், ஹோஸ் உலர்த்தும் இடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவன் பக்கத்தில் மாடசாமி வந்து உட்கார்ந்தான். கையில் சாப்பாட்டு டப்பா. திறக்கவில்லை.

"நெசமாச் சொல்லு வே. திருகத் திறந்தது ஆபீசர்தாம்னு தெரிஞ்சுதான நீ சொன்ன?"

கலியமூர்த்திக்கு இந்த நிமிஷம்தான் தெரியும். சோற்றுக் கவளம் வாய்க்கும் டப்பாவுக்கும் நடுவில் நின்றது.

"அவரு தொறந்தத நான் கண்ணால பாத்தேன்," என்றான் மாடசாமி. "அந்தப் பழிய நான் எடுத்துக்கிடலாம்னு வாயத் திறக்கேன், அதுக்குள்ள நீ முந்திட்ட. எப்படி வே ஒனக்கு இந்த மூள?"

அவன் முகம் கறுத்துப் போயிருந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். மூக்கு லேசாக விடைத்திருந்தது. அது என்ன முகம் என்று கலியமூர்த்திக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்காக அதை அவன்தான் வைத்திருந்தான்.

நிதானமாகக் கவளத்தை மென்று விழுங்கினான்.

"தெரியாமலா சொல்லுவேன்?" என்றான்.

பச்சைப் பொய். மாடசாமி டப்பாவை அங்கேயே விட்டு எழுந்து போய்த் தூணில் சாய்ந்துகொண்டான். அவனுக்குச் சோறு இறங்காது என்று தெரிந்ததும், கலியமூர்த்தி அந்த டப்பாவையும் இழுத்து மூடியைத் திறந்தான். இசக்கியம்மாள் வைத்த கருவாட்டுக் குழம்பு பிரமாதமாக இருந்தது.